சிவப்பு எரிகிறது, வெள்ளை எரியவில்லை: பன்னிரண்டு எல்இடிக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஒரு மாதிரி வீடு செய்கிறீர்கள். அறைகளுக்கு எட்டு வெள்ளை எல்இடி, வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் நான்கு சிவப்பு எல்இடி. கையில் 9 வோல்ட் பெட்டி பேட்டரி ஒன்று, 470 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை) ஒன்று. ஒரே ஒரு எல்இடியை மாட்டினால் எந்த நிறமானாலும் நன்றாக எரிகிறது. பன்னிரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஒன்றுகூட எரியவில்லை. சரியென்று எல்லாவற்றையும் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாக வைத்தால், சிவப்பு நான்கும் மங்கலாக எரிகின்றன. வெள்ளை எட்டும் செத்துக் கிடக்கின்றன. "கரண்ட் பத்தவில்லை, ரெசிஸ்டரைத் தூக்கிவிடு" என்கிறார் நண்பர். தூக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

தூக்காதீர்கள். தூக்கினால் முதலில் அந்தச் சிவப்பு நான்கும் ஒரு நொடி பளிச்சென்று எரிந்துவிட்டுப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது இன்னும் பதினொரு ரெசிஸ்டர்கள், அப்புறம் அந்த 9 வோல்ட் பேட்டரிக்குப் பதில் வேறொன்று. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் சோதனையிலேயே பாதி விடை இருக்கிறது: சிவப்பு மட்டும் எரிந்தது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அது தற்செயல் கிடையாது.

குளத்துக் கலிங்கை, அதாவது குளம் நிறைந்ததும் மிகை நீர் வழிகிற சுவரை, பார்த்திருப்பீர்கள். நீர்மட்டம் கலிங்கின் உயரத்தைத் தொடும்வரை ஒரு சொட்டுகூட வெளியே போகாது. தொட்டதும் வழியத் தொடங்கும். அதற்கப்புறம் குளத்துக்கு வரத்து எவ்வளவு கூடினாலும் மட்டம் இன்னும் ஒரு விரற்கடைதான் ஏறும். மிச்சமெல்லாம் வழிந்து போய்விடும். எல்இடியின் குணமும் ஏறக்குறைய இதுதான். சிவப்பு எல்இடிக்கு அந்தக் கலிங்கு உயரம் சுமார் 2 வோல்ட். வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வோல்ட், சிலவற்றில் 3.3 வரை. அதற்குக் கீழே மின்னோட்டம் பேருக்குத்தான் இருக்கும். தாண்டிவிட்டால் சரசரவென்று ஏறும்.

இப்போது ஒரே குளத்துக்கு இரண்டு அடியில் ஒரு கலிங்கும் மூன்று அடியில் ஒரு கலிங்கும் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது காய்ந்தேதான் கிடக்கும். தண்ணீர் முழுக்க தாழ்ந்த கலிங்கு வழியாகவே போய்விடும். உங்கள் பக்க இணைப்பில் நடந்தது இதுவே. நான்கு சிவப்பும் சேர்ந்து அந்த இடத்தின் மின்னழுத்தத்தை 1.9 வோல்ட் அளவில் பிடித்து வைத்துக்கொண்டன. மூன்று வோல்ட் வேண்டிய வெள்ளைக்கு அந்த 1.9 எம்மாத்திரம்? ரெசிஸ்டரில் விழுந்தது 9 − 1.9 = 7.1 வோல்ட். அதை 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லிஆம்பியர். நான்கு சிவப்பும் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு நாலு மில்லிஆம்பியர்கூட இல்லை. மங்கலாக எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தபோது நடந்தது இன்னும் எளிது. தொடர் இணைப்பில் உயரங்கள் எல்லாம் கூடும். எட்டு வெள்ளைக்கு 24 வோல்ட், நான்கு சிவப்புக்கு 8 வோல்ட், ஆக 32. உங்களிடம் இருப்பது 9. எரிய வழியே இல்லை.

இந்த 2, 3 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தால் அதிலும் ஓர் அழகு இருக்கிறது. 1240-ஐ ஒளியின் அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் ஏறக்குறைய அந்த நிறத்துக்குத் தேவையான வோல்ட் வந்துவிடும். சிவப்புக்கு 625 என்றால் 2 வோல்ட். நீலத்துக்கு 455 என்றால் 2.7, உள்ளே ஆகும் இழப்பையும் சேர்த்தால் 3-ஐத் தொடும். வெள்ளை எல்இடி என்று தனியாக ஒன்று கிடையாது. அது நீல எல்இடி. மேலே மஞ்சளாக ஒளிரும் பொருள் பூசியிருப்பார்கள். அதனால்தான் வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஒரே வோல்ட். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி 1962-இலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் கைகூட முப்பது வருடம் ஆனது. அதைச் செய்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். பச்சையில் மட்டும் ஏமாறாதீர்கள். மஞ்சள் கலந்த பழைய வகைப் பச்சைக்கு 2 வோல்ட் போதும், மரகதம் போன்ற புதிய பச்சைக்கு 3 வேண்டும்.

சரி, எல்லாமே ஒரே நிறமாக இருந்தால் ஒரு ரெசிஸ்டர் போதுமா? இதைத்தான் தொடக்கத்தில் எல்லாரும் முயல்வார்கள். நானும் முயன்றேன். பத்து சிவப்பு எல்இடி, 12 வோல்ட் அடாப்டர், நடுவில் பொதுவாக ஒரே ஒரு 47 ஓம் ரெசிஸ்டர். கணக்கெல்லாம் போட்டுத்தான் வைத்தேன்: 10 வோல்ட்டை 47-ஆல் வகுத்தால் 213 மில்லிஆம்பியர், பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 21. பரவாயில்லை என்று நினைத்தேன். ரெசிஸ்டர் எவ்வளவு சூடாகும் என்று மட்டும் பார்க்கவில்லை. 10 வோல்ட் × 0.213 ஆம்பியர், இரண்டு வாட்டுக்கு மேல். நான் வைத்திருந்தது சாதாரண கால் வாட் ரெசிஸ்டர். அரை நிமிடத்தில் அதன் நிறப் பட்டைகள் பழுப்பாகி, எந்தப் பட்டை எந்த நிறம் என்றே தெரியாமல் போனது. கருகல் வாசனை அந்த அறையில் மாலைவரை இருந்தது. பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகையில்) அது செருகியிருந்த இரண்டு ஓட்டைகளும் உருகி வாய் பிளந்துவிட்டன. அந்த பிரெட்போர்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஓட்டைகளில் எதுவும் நிற்காது.

பெரிய வாட் ரெசிஸ்டர் வைத்திருந்தால்? சூடு தாங்கியிருக்கும். ஆனால் இன்னொரு சிக்கல் அப்படியே இருந்திருக்கும். ஒரே பையிலிருந்து எடுத்த பத்து எல்இடியும் ஒரே உயரக் கலிங்கு ஆகிவிடாது. ஒன்று 1.92 வோல்ட், அடுத்தது 2.01 என்று சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். பத்தில் ஒரு பங்கு வோல்ட் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். எல்இடிக்கு அது மிகப் பெரிய வித்தியாசம். அந்தச் சின்ன ஏற்றத்திலேயே மின்னோட்டம் பல மடங்கு ஆகிவிடும். அதனால் தாழ்ந்தது பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் சூடாகும். சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் அதன் உயரம் இன்னும் குறையும். குறைந்தால் இன்னும் அதிகம் இழுக்கும். கடைசியில் அது போய்விட்டால், அதன் பங்கு மீதி ஒன்பதின் தலையில் விழும். அடுத்தது எது தாழ்ந்ததோ அதன் முறை.

"மலிவான டார்ச்சில் ஒன்பது எல்இடியை ஒரே கொத்தாக வைத்திருக்கிறார்களே, ரெசிஸ்டரே காணோமே" என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே பேட்டரியின் உள்தடையும், ஸ்பிரிங்கிலும் சுவிட்சிலும் இருக்கும் தடையும் சேர்ந்து ரெசிஸ்டர் வேலையைச் செய்கின்றன. 3 வோல்ட் நாணய பேட்டரியில் எல்இடியின் இரண்டு காலையும் நேராகச் செருகினால் எரிவதும் இதனால்தான். அந்தச் சின்ன பேட்டரியால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. அந்த டார்ச்சைச் சில மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்பதில் மூன்று மங்கி இருக்கும். மாதிரி வீட்டின் கூரையை ஒட்டிய பிறகு உள்ளே ஒன்று மங்கினால் அட்டையை அறுத்துத்தான் மாற்ற வேண்டும். ஆகவே டார்ச்சைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஆக நான் சொல்ல வந்தது இதுதான்: மின்சாரம் போகும் பாதைகளை எண்ணுங்கள். பாதை ஒன்றுக்கு ரெசிஸ்டர் ஒன்று. ஒரு பாதையில் ஒரு எல்இடி இருக்கலாம், இரண்டு மூன்று வரிசையாகவும் இருக்கலாம், ஆனால் ரெசிஸ்டர் இல்லாத பாதை இருக்கக் கூடாது.

ரெசிஸ்டர் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சப்ளை வோல்ட்டிலிருந்து அந்தப் பாதையிலுள்ள எல்இடிகளின் மொத்த வோல்ட்டைக் கழியுங்கள். மிச்சத்தை வேண்டிய மின்னோட்டத்தால் வகுங்கள். மில்லிஆம்பியரால் வகுத்தால் விடை கிலோஓமில் வரும்.

இதில் "வேண்டிய மின்னோட்டம்" எவ்வளவு என்பதில்தான் பலர் தேவையில்லாமல் 20 மில்லிஆம்பியர் போடுகிறார்கள். 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு 20 என்பது பொதுவாக மேல் எல்லை. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் அளப்பதில்லை. 20-ஐ 10 ஆக்கினால் பாதி வெளிச்சம் என்று தோன்றாது, கொஞ்சம் குறைந்தது போலத்தான் தெரியும். அட்டை வீட்டின் சன்னலுக்குள் வெள்ளை எல்இடியில் 20 மில்லிஆம்பியர் விட்டால் அறை வெளிச்சம் மாதிரி இருக்காது, வெல்டிங் அடிப்பது மாதிரி இருக்கும்; அட்டைச் சுவர் வழியாகவே வெளிச்சம் ஊடுருவும். 2 மில்லிஆம்பியரில் தொடங்கிப் பாருங்கள். அதற்கு 5 வோல்ட்டில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் போதும். பெரும்பாலான மாதிரி வீடுகளுக்கு நான் அதைத் தாண்டிப் போவதே இல்லை.

இந்த 1 கிலோஓமில் இன்னொரு வசதியும் உண்டு. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து அந்த ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் தொட்டுப் பாருங்கள். மீட்டர் 1.9 வோல்ட் காட்டினால் பாதையில் ஓடுவது 1.9 மில்லிஆம்பியர். 2.6 காட்டினால் 2.6. கம்பியைத் துண்டித்து மீட்டரை நடுவில் செருகும் வேலையே இல்லை. புதிதாக வாங்கிய எந்த எல்இடியையும் நான் முதலில் 1 கிலோஓமோடு மாட்டி, எல்இடியின் மேல் எத்தனை வோல்ட், ரெசிஸ்டரின் மேல் எத்தனை வோல்ட் என்று பார்த்து, அந்தப் பையின் மேலேயே எழுதி வைத்துவிடுவேன்.

இனி மின்சாரம் எதிலிருந்து எடுப்பது என்ற கேள்வி. அந்த 9 வோல்ட் பேட்டரியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பார்க்கப் பெரிய பேட்டரிபோல் இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே விரலில் பாதிகூட இல்லாத ஆறு 1.5 வோல்ட் செல்கள்தான். அல்கலைன் வகையிலேயே அதன் கொள்ளளவு சுமார் 500 மில்லிஆம்பியர்-மணி. சாதாரண ஏஏ அல்கலைன் செல் ஒன்றில், மெதுவாக எடுத்தால், 2000-க்கு மேல் கிடைக்கும். அதோடு 9 வோல்ட்டில் ஒற்றைச் சிவப்பை எரித்தால், 2 வோல்ட் எல்இடிக்கும் 7 வோல்ட் ரெசிஸ்டரைச் சூடாக்கவும் போகிறது. கொடுக்கும் மின்சாரத்தில் கால் பங்குகூட வெளிச்சத்துக்குப் போய்ச் சேரவில்லை.

என் முதல் தேர்வு 5 வோல்ட் யூஎஸ்பி சார்ஜர். பழைய போன் சார்ஜர் ஒன்று எந்த வீட்டிலும் சும்மா கிடக்கும். பன்னிரண்டு பாதை, பாதைக்கு ஒரு எல்இடி. வெள்ளைக்கு 220 ஓம் போட்டால் (5 − 3.1) ÷ 220, சுமார் 8.6 மில்லிஆம்பியர். சிவப்புக்கு 330 ஓம் போட்டால் சுமார் 9. பன்னிரண்டுக்கும் சேர்த்து நூறைச் சற்றே தாண்டும். நான் சொன்னபடி எல்லாவற்றுக்கும் 1 கிலோஓம் போட்டால் மொத்தமே முப்பதுக்குள். எந்த சார்ஜருக்கும் இது ஒரு பொருட்டே இல்லை.

"சார்ஜரில் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, எல்இடி கருகிவிடாதா?" இந்தப் பயம் நிறையப் பேருக்கு உண்டு. அந்த 2 ஆம்பியர் சார்ஜரின் தாங்குதிறன். அதுவாக யார் தலையிலும் திணிக்காது. மேல்நிலைத் தொட்டியில் ஆயிரம் லிட்டர் இருக்கிறது என்பதற்காகக் குழாயில் ஆயிரம் லிட்டரும் ஒரேயடியாகக் கொட்டுவதில்லையே. குழாயை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான். இங்கே குழாய் உங்கள் ரெசிஸ்டர். வோல்ட் சரியாக இருக்க வேண்டும். ஆம்பியர் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் கெடுதல் இல்லை.

சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுக்க அதன் கேபிளை வெட்டும்போது இரண்டு விஷயம். உள்ளே பொதுவாக நான்கு கம்பி இருக்கும். சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு, அவற்றைத் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் மீட்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறிய கேபிள்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டாவது, சார்ஜர் பக்கம் பழைய செவ்வக வடிவ ஏ முனை உள்ள கேபிளாக எடுங்கள். இருபக்கமும் சி முனை உள்ள கேபிளை வெட்டினால் பெரும்பாலும் 5 வோல்ட் வராது. மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்பதை 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் மூலம் உணர்ந்த பிறகுதான் சி வகை சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடும். "சார்ஜர் கெட்டுப்போச்சு" என்று தூக்கிப்போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் வைத்து ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், ஆனால் எரிச்சல் தரும். நீங்கள் எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்து அது தானாக அணைந்துவிடும். வீடு அரை நிமிடம் ஜொலித்துவிட்டு இருண்டுவிடும். சில பவர் பேங்குகளில் குறைந்த மின்னோட்டத்துக்கென்றே தனி நிலை உண்டு. அப்படி ஒன்று இருந்தால் சரி.

வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்காட்சியில் வைக்க வேண்டும், பிளக் பாயின்ட் கிடைக்காது என்றால் நான்கு ஏஏ செல், 6 வோல்ட். வெள்ளைக்கு 270 ஓம், சிவப்புக்கு 390 ஓம் போட்டால் சுமார் 10 மில்லிஆம்பியர். மொத்தம் 120, பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். 1 கிலோஓம் போட்டால் கதையே வேறு, நாள்கணக்கில் ஓடும். மூன்று செல் போதாதா என்றால், புதிதாக இருக்கும்போது போதும். ஆனால் வெள்ளைக்கு 3.1 கழித்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1.4 வோல்ட்தான். செல் ஒவ்வொன்றும் 1.2-க்கு இறங்கினால் மிச்சம் அரை வோல்ட். செல்லில் இன்னும் பாதி சக்தி இருக்கும்போதே வீடு மங்கத் தொடங்கிவிடும். நான்கு செல்லில் அந்தத் தொல்லை இல்லை.

இந்த "மிச்ச வோல்ட்" விஷயத்தை இன்னொரு இடத்திலும் பார்க்க வேண்டும். ஒரே பாதையில் இரண்டு மூன்று எல்இடியைக் கோத்தால் ரெசிஸ்டரில் வீணாவது குறையும், மொத்த மின்னோட்டமும் குறையும். நல்ல வழிதான். 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் உங்கள் பன்னிரண்டையும் நான்கே பாதையில் முடித்துவிடலாம். மூன்று வெள்ளை ஒரு பாதை: 9.3 வோல்ட் போக 2.7 மிச்சம், 270 ஓம். அதேபோல் இன்னொன்று. மீதி இரண்டு வெள்ளை ஒரு பாதை: மிச்சம் 5.8, அதற்கு 560 ஓம். சிவப்பு நான்கும் ஒரே பாதை: 8 போக 4 மிச்சம், 390 ஓம். எல்லாவற்றிலும் ஏறக்குறைய 10 மில்லிஆம்பியர், மொத்தம் நாற்பது. 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்து, அங்கங்கே வெட்டலாம் என்று கோடு போட்டிருப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆசைப்பட்டு நான்காவது வெள்ளையையும் அந்தப் பாதையில் சேர்த்துவிடாதீர்கள். 12.4 வோல்ட் ஆகிவிடும். சில சமயம் எரியக்கூடும். வெயில் நாளில் எரிந்து குளிர்ந்த நாளில் மங்கும். ரெசிஸ்டருக்கு ஏறக்குறைய இரண்டு வோல்ட்டாவது மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. பேட்டரி என்றால் இன்னும் தாராளமாக விடுவேன், ஏனென்றால் பேட்டரியின் வோல்ட் இறங்கிக்கொண்டே போகும். 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு வெள்ளையைக் கோத்து 270 ஓம் போட்டால் முதலில் 10 மில்லிஆம்பியர் ஓடும். பேட்டரி 7-க்கு இறங்கியதும் அது 3 ஆகிவிடும்.

அடாப்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் வகையாக இருந்தால், மேலே 12 என்று எழுதியிருந்தாலும் சும்மா இருக்கும்போது 16-க்கு மேல்கூட காட்டும். மீட்டரில் அளந்து, வருகிற எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். எடை குறைந்த இப்போதைய வகைகளில் இந்தப் பிரச்சினை பொதுவாக இல்லை.

எல்இடிக்குப் பதில், கண்ணாடிக்குள் இழை இருக்கும் பழைய டார்ச் பல்பை வைப்பதாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. இழை பல்பு சூடாகச் சூடாகத் தன் தடையைத் தானே ஏற்றிக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது இருப்பதைப்போல் பத்து மடங்கு அளவுக்கு ஏறும். அதனால் அதற்கு ரெசிஸ்டர் தேவையில்லை. பல்பில் எழுதியிருக்கும் வோல்ட்டும் சப்ளையும் ஒத்துப்போனால் எத்தனை வேண்டுமானாலும் பக்க இணைப்பில் சேர்க்கலாம். கோக்கும்போது மட்டும் எல்லாம் ஒரே மாதிரி பல்பாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றும் 200, 300 மில்லிஆம்பியர் குடிக்கும். பன்னிரண்டு என்றால் மூன்று ஆம்பியர் அளவுக்கு வரும், அட்டைக்குள் அவ்வளவு சூடு. எல்இடிக்கு மாறிவிடுங்கள் என்பேன். அப்புறம், சுவர் பிளக்கில் நேராகச் செருகும் அலங்காரத் தொடர் விளக்கை வெட்டி எடுத்து இதில் பயன்படுத்த நினைக்க வேண்டாம். அதில் பல்பு சின்னதாக இருந்தாலும் கம்பியில் ஓடுவது வீட்டு மின்சாரம்.

ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) வைத்து விளக்குகளை மாற்றி மாற்றி எரிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு சொல். ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இன் ஒரு காலிலிருந்து 20 மில்லிஆம்பியர்வரை எடுக்கலாம். 40 என்பது கடந்தால் சிப் கெடும் எல்லை. எல்லாக் கால்களும் சேர்ந்து 200-ஐத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு எல்இடியையும் ஒரே காலில் தொங்கவிட்டால் அந்தக் கால் போய்விடும். ஒரு காலுக்கு ஒரு எல்இடி, அதுவும் ரெசிஸ்டரோடு என்றால் சிக்கலே இல்லை. எல்லாம் சேர்ந்து ஒன்றாக அணைந்து எரிய வேண்டும் என்றால் நடுவில் சுவிட்ச் போல வேலை செய்ய ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள். பிசி547 நூறு மில்லிஆம்பியர்வரைதான் தாங்கும். உங்கள் கணக்கு அதன் விளிம்பில் நிற்கிறது. பிசி337 வாங்கிக்கொள்ளுங்கள். எமிட்டர் எதிர்முனைக்கு, எல்லாப் பாதைகளின் கீழ்முனையும் கலெக்டருக்கு, ஆர்டுயினோ காலிலிருந்து 1 கிலோஓம் வழியாக பேஸுக்கு. எல்இடிகளுக்கு மின்சாரம் நேராக சார்ஜரிலிருந்து வரட்டும். சார்ஜரின் எதிர்முனையையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். "எல்லாம் சரியாக இருக்கிறது, எரியவில்லை" என்று வரும் கேள்விகளில் பாதி இந்த ஒற்றைக் கம்பியால்தான்.

இனி வீட்டுக்குள் கம்பி ஓட்டுவது. பன்னிரண்டு ரெசிஸ்டர் என்றதும் ஒரே சிக்கலாகப் போகும் என்று தோன்றும். அடிப்பலகைக்குக் கீழே இரண்டு தடித்த செப்புக் கம்பியை ஒரு விரல் இடைவெளியில் நீளவாக்கில் ஒட்டிவிடுங்கள். ஒன்று நேர்முனை, இன்னொன்று எதிர்முனை. ஒவ்வொரு எல்இடியின் நீளக் காலிலும் அதன் ரெசிஸ்டரை நேராகவே பற்றவைத்து, மேலே ஒரு துண்டு சுருங்கு குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் காப்புக் குழாய்) போட்டு, அங்கிருந்து மெல்லிய கம்பியை அந்தச் செப்புத் தடத்துக்கு இழுத்தால் முடிந்தது. கால்களை வெட்டிவிட்டால் எது நீளம் என்று தெரியாது. அப்போது எல்இடியின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. பற்றவைக்கும்போது காலில் மூன்று நொடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள்.

பன்னிரண்டையும் முடித்துவிட்டுக் கடைசியில் சுவிட்சைப் போடுவது வேண்டாம். ஒரு பாதை முடிந்ததும் எரியவிட்டுப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. புதிதாகச் சேர்த்தது மட்டும் எரியவில்லையா, பெரும்பாலும் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். 5 வோல்ட்டில் அதனால் எல்இடி கெட்டுவிடாது, திருப்பிப் போட்டால் எரியும். புதிதாக ஒன்று சேர்த்ததும் ஏற்கெனவே எரிந்தவை எல்லாம் மங்குகின்றனவா, சப்ளை தள்ளாடுகிறது அல்லது எங்கோ ஒரு பற்று சரியாகப் பிடிக்கவில்லை. செப்புத் தடத்தின் இரு கோடியிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். சேர்த்ததும் எல்லாமே அணைந்துவிட்டதா, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். எங்கோ இரண்டு தடமும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

பன்னிரண்டும் எரிந்த பிறகு வெள்ளையும் சிவப்பும் ஒரே மாதிரி பிரகாசமாகத் தெரியாவிட்டால் கணக்கை மறுபடி போட வேண்டியதில்லை. தூக்கலாகத் தெரியும் நிறத்துக்கு ரெசிஸ்டரை இரண்டு மடங்கு ஆக்கி, அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பாருங்கள். என் அனுபவத்தில் குறைக்க வேண்டியது பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். அந்த 9 வோல்ட் பேட்டரியை எறிய வேண்டாம். ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரை அதன் கம்பியில் நிரந்தரமாகப் பற்றவைத்து மேசை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி எரிகிறதா, எந்தக் கால் எது என்று பார்க்க அது வருடக்கணக்கில் வரும்.